வெள்ளக் கோடும் வீட்டுக் கிரயமும்

புயல் ஓய்ந்து நீர் வடிந்த பின்பு, சேதமுற்ற வீட்டை அதன் சொந்தக்காரர் தம் விருப்பப்படி செப்பனிட்டுக்கொண்டு மீண்டும் குடிபுகலாமா, அன்றி அரசாங்கம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டே அதனைத் திரும்பக் கட்ட வேண்டுமா என்பது ஒரு வினா. அந்த நிபந்தனைகளை நிறைவேற்றுவதற்கு ஆகும் பணத்தை யார் கொடுப்பது என்பது மற்றொரு வினா. பிரிக்கவொண்ணாத இவ்விரு வினாக்களையும் சேர்த்து ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவம் மிகவும் பயன்படும். அந்நாடு 1968ஆம் ஆண்டிலிருந்து வெள்ளக் காப்பீட்டையும் வெள்ளப் பிரதேசக் கட்டட விதிகளையும் ஒரே திட்டத்தில் பிணைத்து நடத்திவருகிறது. 2012 அக்டோபர் 29ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் கரையேறிய சாண்டிப் புயல் அத்திட்டத்தின் நிறைகளையும் குறைகளையும் ஒருங்கே வெளிப்படுத்திற்று. அப்புயலை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவற்றையும் சேர்த்து ஆராய்ந்து பார்க்கையில் எனக்குத் தோன்றும் முடிவு இது: வெள்ளப் பிரதேச விதிகள் அவசியமானவை, அடிப்படையில் நியாயமானவை, ஆனால் விதியும் உதவியும் வீட்டின் சந்தைக் கிரயத்தையே அளவுகோலாகக் கொண்டிருக்கும் வரையில், அவற்றின் பாரம் எளிய வீட்டில் வாழ்பவர் தலைமேலேதான் முதலில் விழும்.

திட்டம் பிறந்த வரலாறு சுருக்கமாகவே சொல்லத்தக்கது. 1927ஆம் ஆண்டின் மிஸிஸிப்பிப் பெருவெள்ளத்திற்குப் பிறகு தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் வெள்ள நஷ்டத்தை ஏற்கும் தொழிலினின்றும் விலகிக்கொண்டன. வெள்ளம் வரக்கூடிய இடத்தில் இருப்பவர் மட்டுமே அத்தகைய பாலிசியை வாங்குவர் என்பதும், வந்துவிட்டால் ஒரே நாளில் அத்தனை பேருக்கும் பணம் கொடுக்க நேரும் என்பதும் அவற்றின் அச்சம். அரசாங்கம் அணைகளையும் கரைகளையும் கட்டிக்கொண்டே போயிற்று. அவற்றின் பாதுகாப்பை நம்பி ஜனங்கள் மேலும் மேலும் தாழ்நிலங்களில் குடியேறினர். இந்தப் போக்கின் ஆபத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் தலையாயவர் கில்பர்ட் ஒயிட் என்னும் புவியியல் அறிஞர். வெள்ளத்தைத் தடுப்பது மாத்திரம் போதாது, வெள்ளம் பாயும் நிலத்தில் மனிதன் எதைக் கட்டுகிறான் என்பதையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது 1940களிலிருந்தே அவர் வலியுறுத்திவந்த கொள்கை. 1965இல் பெட்ஸிப் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பல பகுதிகளை நீரில் ஆழ்த்திய பின்பு, அவர் தலைமையில் அமைந்த குழு 1966இல் அளித்த அறிக்கை, நிலப் பயன்பாட்டு விதிகள் இன்றிக் காப்பீட்டை மட்டும் மலிவாக வழங்கினால் அபாயப் பிரதேசத்தில் குடியேற்றம் பெருகுமேயன்றிக் குறையாது என்று எச்சரித்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எச்சரிக்கையை ஓர் உடன்படிக்கையின் வடிவில் ஏற்றுக்கொண்டது. ஓர் ஊர் தன் வெள்ளப் பிரதேசத்திற்குரிய கட்டட விதிகளைச் சட்டமாக இயற்றி அமல் செய்தால்தான் அவ்வூர் மக்கள் மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டை வாங்கலாம் என்பதே அந்த உடன்படிக்கை. இன்று 22,000க்கும் மேற்பட்ட ஊர்கள் இதில் சேர்ந்திருக்கின்றன.

ஊர்கள் சேர்ந்தனவேயன்றி மக்கள் எளிதில் பாலிசி வாங்கவில்லை. 1972இல் ஆக்னெஸ் புயல் கிழக்கு மாநிலங்களைப் பாழாக்கியபோது, பாலிசி வைத்திருந்தோர் மிகச் சிலரே என்பது தெரியவந்தது. ஆகவே 1973ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளப் பிரதேசத்தில் வங்கிக் கடனுக்கு ஈடாக இருக்கும் வீடுகளுக்குக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கட்டாயம் கடனோடு பிணைந்தது. கடன் தீர்ந்தால் கட்டாயமும் தீர்ந்துவிடும். முப்பது ஆண்டு உழைத்துக் கடனை அடைத்துவிட்ட முதியவரும், பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டில் வாழும் பிள்ளைகளும், கையில் ரொக்கம் குறைந்த காலத்தில் ஆண்டுதோறும் வரும் பிரீமியத்தைக் கைவிடுவது மனித இயல்பே. பிற்காலத்தில் புயல் வந்து அவர்கள் அரசாங்கத்தின் முன் வெறுங்கையுடன் நிற்கும்போது, அவர்களுடைய அஜாக்கிரதையைக் குற்றம் சாட்டுவது எளிது. வீட்டுக்கு வரும் அபாயத்தைவிட வங்கிக்கு வரும் அபாயத்தையே அச்சட்டம் முதலில் கருதியது என்பதையும் அப்போது நினைவுகூர்வதுதான் நியாயம்.

இனி, அந்த வெள்ளப் பிரதேசத்தின் எல்லையைப் பார்ப்போம். எந்த ஓர் ஆண்டிலும் நிகழ்வதற்கு 1 சதவிகிதச் சாத்தியமுள்ள வெள்ளம் எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு உயரம் எழும் என்பதை நீரியல் கணக்கால் வகுத்து, கூட்டரசின் அவசரகால நிர்வாக முகமை, அதாவது ஃபீமா, வரைபடங்களில் ஒரு கோடு இடுகிறது. கோட்டுக்கு உட்பட்ட வீடு, முப்பது ஆண்டுக் கடன் காலத்தில் அத்தகைய வெள்ளத்தை ஒரு முறையேனும் சந்திப்பதற்குரிய சாத்தியம் ஏறத்தாழ 26 சதவிகிதம். கோட்டுக்குள் ‘ஏ’ மண்டலங்கள் என்றும் ‘வி’ மண்டலங்கள் என்றும் பிரிவுகள் உண்டு. ‘ஏ’ மண்டலத்தில் நீர் ஏறும். ‘வி’ மண்டலத்தில் நீர் ஏறுவதோடு மூன்றடியும் அதற்கு மேலும் உயர்ந்த அலைகள் மோதும். முன்னதில் புதிய வீட்டின் வாழும் தளம் கணித்த வெள்ளமட்டத்தில் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கீழே அடைப்புப் பகுதி இருந்தால், அதை வண்டி நிறுத்தவும், சாமான் வைக்கவும், ஏறி இறங்கவும் மட்டுமே பயன்படுத்தலாம். அதன் சுவர்களில், ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஒரு சதுர அங்குலம் வீதம் நீர் புகுந்து வெளியேறும் துளைகள் வைக்க வேண்டும். உள்ளும் புறமும் நீரின் அழுத்தம் சமமாகிவிட்டால் சுவர் இடியாது என்பதே இதன் தத்துவம். பின்னதில் மண்நிரப்பிய அஸ்திவாரம் உதவாது. ஆழப் பதித்த கம்பங்களின்மேல் வீடு நிற்க வேண்டும். தளத்தைத் தாங்கும் உத்திரத்தின் அடிப்பாகமே வெள்ளமட்டத்திற்குக் குறையாதிருக்க வேண்டும். கீழே சுவர் எழுப்பினால், அலை மோதியவுடன் வீட்டைப் பாதிக்காமல் தானே பெயர்ந்து விழும்படி அதைக் கட்ட வேண்டும். சாண்டிக்குப் பின் நியூ ஜெர்சிக் கரையில் இவ்விதிப்படி உயரமாகக் கட்டிய வீடுகள் பல, பக்கத்துத் தாழ்ந்த வீடுகள் சிதைந்த தெருக்களிலேயே சிறு சேதத்துடன் நின்றன. ஆகையால் இவ்விதிகளைச் சர்க்காரின் வீண் கெடுபிடி என்று ஒதுக்குவோர் அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் கோடு என்னவோ காகிதத்தின்மேல் இட்ட கோடுதான். 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டன் நகரத்தில் பல நாட்கள் மழையைக் கொட்டியபோது வெள்ளம் புகுந்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை இக்கோட்டுக்கு வெளியே இருந்தவை. 2021 செப்டம்பர் முதல் நாள் இரவு ஐடாப் புயலின் எச்சம் நியூயார்க்கின் மத்தியப் பூங்காவில் ஒரே மணி நேரத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மழை பெய்வித்தபோது, குவீன்ஸ் பகுதியின் நிலவறைக் குடியிருப்புகளில் வாடகைக்கு வாழ்ந்த ஏழைகள் நீரில் மூழ்கி மாண்டனர். கடலும் ஆறும் பொங்குவதைக் கணித்த படங்கள், வடிகால் கொள்ளாத மழையைக் கணிக்கவில்லை. 2024இல் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதிகளை வாரிச் சுருட்டிய காலத்தில் அங்கே வெள்ளக் காப்பீடு வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே; மலையில் வாழ்பவருக்கு வெள்ளம் ஏது என்று இருந்துவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே இருப்பவர் தம்மை அபாயமற்றவர் என்று எண்ணிக்கொள்வது அக்கோட்டினால் விளைந்த ஒரு விபரீதம்.

கோடு நகரவும் செய்யும். சாண்டி வீசிய காலத்தில் நடைமுறையில் இருந்த படங்கள் பல ஆண்டுகள் பழமையானவை. புயல் முடிந்த சில வாரங்களில், 2012 டிசம்பரில், ஃபீமா ஆலோசனைப் படங்களை வெளியிட்டது. அவை வெள்ளமட்டங்களை உயர்த்தியதோடு ‘வி’ மண்டலத்தை வெகுதூரம் உள்நாட்டுக்குள் கொண்டுபோயின. நியூ ஜெர்சியின் ஆளுநர் 2013 ஜனவரியில் அவசர ஆணை மூலம் அவற்றையே மாநில அளவுகோலாக ஏற்றார். ஜூன் மாதத்தில் வெளிவந்த திருத்திய படங்களிலோ ‘வி’ மண்டலம் பெரிதும் சுருங்கிப்போயிற்று. இடைப்பட்ட மாதங்களில், கம்பங்களின்மேல் வீடு எழுப்பும் சக்தி தமக்கில்லை என்று நிலத்தை வந்த விலைக்கு விற்றுச் சென்றவர் உண்டு. அவர்களுக்குத் திருத்திய படம் எவ்விதத்திலும் பயன்படவில்லை. நியூயார்க் நகரமோ, தனக்குரிய புதிய படம் அபாயத்தை மிகைப்படுத்துகிறது என்று 2015இல் முறையிட, ஃபீமா 2016இல் அதனை ஒப்புக்கொண்டது. அதன் விளைவாக அந்நகரத்தில் ஒரே வீட்டுக்குக் காப்பீட்டு விஷயத்தில் 2007ஆம் ஆண்டுப் படமும், கட்டட விதி விஷயத்தில் எது கடுமையானதோ அதுவும் பிரமாணமாயின. விஞ்ஞானக் கணக்கு திருந்திக்கொண்டே செல்வது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் தலைக்குமேல் கூரையில்லாத குடும்பம் கணக்கு முடியும் வரையில் காத்திருக்க இயலாது.

இப்போது இவ்விஷயத்தின் மர்மஸ்தானத்திற்கு வருகிறோம். விதிகள் இயற்றப்படுவதற்கு முன்னரே கட்டப்பட்ட பழைய வீடுகளை என்ன செய்வது? அவற்றையெல்லாம் உடனே உயர்த்துங்கள் என்று கட்டளையிட எந்த அரசாங்கமும் துணியாது. ஆகவே சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. பழைய வீடு உள்ளபடியே இருக்கலாம். ஆனால் அதற்குச் செய்யும் அபிவிருத்தியின் செலவோ, அல்லது அதற்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவோ, நிலத்தை நீக்கிக் கட்டடத்துக்கு மட்டும் உள்ள சந்தைக் கிரயத்தில் 50 சதவிகிதத்தை எட்டிவிட்டால், அன்றுமுதல் அது புதிய வீட்டுக்குரிய விதிகள் அனைத்துக்கும் உட்பட வேண்டும். சேதம் வெள்ளத்தால் நேர்ந்தாலும் காற்றால் நேர்ந்தாலும் தீயால் நேர்ந்தாலும் விதி ஒன்றே. சுற்றத்தார் கூலியின்றி உழைத்தாலும், தர்ம ஸ்தாபனம் பலகையையும் ஆணியையும் இனாமாகக் கொடுத்தாலும், அந்த உழைப்புக்கும் பொருளுக்கும் உரிய முழு மதிப்பும் கணக்கில் சேரும். சரித்திரப் புகழ் வாய்ந்த கட்டடங்களுக்கு விலக்கு உண்டு.

ஒரு தலைமுறைக் காலத்தில் பழைய வீடுகள் படிப்படியாகக் குறைந்துபோகும், எவர்மீதும் திடீரென்று பாரம் விழாது என்று விதியை அமைத்தவர்கள் எண்ணியதில் விவேகம் உண்டு. ஆயினும் கணக்கைச் சற்று விரித்துப் பாருங்கள். உதாரணமாக, கட்டட மதிப்பு 80,000 டாலர் உள்ள பழைய மரவீடு ஒன்றும், மூன்று லட்சம் டாலர் மதிப்புள்ள மாளிகை ஒன்றும் ஒரே தெருவில் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் இரண்டடி நீர் புகுந்து, சுவர்ப்பலகையும் மின்கம்பிகளும் தரையும் அடுப்பும் கெட்டு, 45,000 டாலர் சேதம் விளைகிறது. மரவீட்டுக்காரருக்குச் சேதம் 56 சதவிகிதம். அவர் வீட்டைத் தூக்கி உயர்த்தியாக வேண்டும். மாளிகைக்காரருக்கு 15 சதவிகிதம். அவர் வண்ணம் பூசிக்கொண்டு குடியேறலாம். தண்ணீர் இருவர் வீட்டிலும் ஒரே அளவு புகுந்தது. மறுமுறை வரும்போதும் அப்படியே புகும். ஆனால் உயர்த்தும் கடமை, அதற்குச் சக்தியற்றவரையே சார்ந்தது. நியூ ஜெர்சியின் கரையோரத்தில், யூனியன் பீச், கீன்ஸ்பர்க் போன்ற ஊர்களில், கோடைகாலத்துக்கென்று கட்டப்பட்டு நாளடைவில் தொழிலாளக் குடும்பங்களின் நிரந்தர இல்லங்களாக மாறிய சிறுவீடுகள் வரிசை வரிசையாக இருந்தன. இவ்விதி முதலில் பிடித்தது அத்தகைய வீடுகளையே.

இந்தச் சதவிகிதத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு தலைநகரத்து நிபுணருடையதன்று. உள்ளூர்க் கட்டட அதிகாரியுடையது. சிற்றூர் ஒன்றில் அவர் ஒருவரே நூற்றுக்கணக்கான வீடுகளைச் சில வாரங்களில் சுற்றிப்பார்த்து, சேத மதிப்பை எழுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் பெறப்போகிறவர்கள் அவருடைய அண்டை வீட்டார். 50க்குப் பதிலாக 49 என்று எழுதும்படி கெஞ்சுவோர் பலர். அதே சமயத்தில், காப்பீட்டில் விதியை நிறைவேற்றுவதற்கென்று தனியே உள்ள 30,000 டாலர் வரையிலான தொகை பெரும்பாலோருக்கு 50ஐத் தாண்டிய கடிதம் இருந்தால்தான் கிடைக்குமாகையால், அதை எதிர்பார்த்துத் தாண்டும்படி வேண்டுவோரும் உண்டு. அதிகாரி இளகினால் விளையும் தீங்கை 2022இல் இயான் புயல் கண்ட தென்மேற்கு புளோரிடாவில் பார்க்கலாம். லீ மாவட்டத்திலும் அதைச் சேர்ந்த சில நகரங்களிலும் அனுமதியின்றியும் விதிக்கு மாறாகவும் பழுதுபார்ப்பு நடந்ததென்று கூறி, அவ்வூர்ப் பாலிசிதாரர் அனுபவித்துவந்த 25 சதவிகிதப் பிரீமியச் சலுகையை நீக்கப்போவதாக ஃபீமா 2024 மார்ச்சில் அறிவித்தது; பெருங்கிளர்ச்சி எழுந்து, ஊர்கள் ஆவணங்களைத் தாக்கல் செய்தபின், அந்தத் தண்டனை அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வாண்டின் நடுவில் தவிர்க்கப்பட்டது. விதியைத் தளர்த்தியவர் சிலராயினும், தண்டனை ஊர் முழுவதன்மேலும் விழவிருந்தது.

வீட்டை உயர்த்துவது என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். செய்கையில் அது எத்தகையது என்பதை அறிந்தாலன்றி உதவித்தொகைகளின் போதாமை விளங்காது. முதலில் சர்வேயர் வந்து தளத்தின் உயரத்தை அளந்து சான்றிதழ் எழுதுகிறார். பொறியாளர் படம் வரைகிறார். ஊர்மன்றம் அனுமதி கொடுக்கிறது. பின்பு மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கழிவுநீர் இணைப்புகள் யாவும் துண்டிக்கப்படுகின்றன. அஸ்திவாரச் சுவரில் ஓட்டைகள் இட்டு, நீண்ட எஃகு உத்திரங்களை வீட்டின் அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நுழைக்கிறார்கள். ஒரே குழாயமைப்பினால் சமமாக இயங்கும் நீரழுத்த ஜாக்கிகள் வீட்டை அங்குலம் அங்குலமாக மேலே தள்ள, கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். ஒரு மூலை சற்றே முந்தினால் சுவர் விரியும். கம்பங்களை அடிக்க வேண்டிய இடமானால், வீடு மேலே இருக்கையில் அவற்றை அடிக்கும் இயந்திரம் புக முடியாதாகையால், வீட்டை நகர்த்தி ஒருபுறம் வைக்க வேண்டும். இல்லையேல் திருகிப் பதிக்கும் எஃகுக் கம்பங்களைத் தேட வேண்டும். புகைபோக்கி பெரும்பாலும் இடிந்து புதிதாகக் கட்டப்படுகிறது. முடிவில் புதிய அஸ்திவாரத்தின்மேல் வீடு இறங்குகிறது. பழைய மூன்று படிகளின் இடத்தில் பன்னிரண்டோ பதினைந்தோ படிகள். முழங்கால் நோயுற்ற மூதாட்டிக்கு அந்தப் படிகளே புதிய சிறைச்சுவர். மின்தூக்கி வைப்பதற்கோ செலவு வேறு. இவ்வளவுக்கும் நடுவில் குடும்பம் மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில், வாடகை வீட்டில் இருந்துகொண்டு, குடியிராத வீட்டின் கடன் தவணையையும் கட்டிக்கொண்டிருக்கிறது. காப்பீட்டின் அந்த 30,000 டாலர் இவற்றின் முழுச் செலவுக்கு எவ்விதத்திலும் ஈடாகாது.

பணம் வரும் வழிகளில் முதலாவது காப்பீடே. ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்குக் கட்டடத்திற்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலரும் கிடைக்கும். சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றினால் விளையும் சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. வெள்ளப் பாலிசி இதற்கு நேர்மாறு. 2005இல் கத்ரீனாப் புயலுக்குப் பின் மிஸிஸிப்பிக் கரையில், வெறும் தரை மாத்திரம் எஞ்சி நின்ற இடங்களில், வீட்டைக் கொண்டுபோனது காற்றா கடலா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. நிலவறையில் அமைத்த அறைகளின் சுவருக்கும் தரைக்கும் வெள்ளப் பாலிசியில் பணம் பெரும்பாலும் இல்லை என்பதை நியூயார்க்கின் பலர் நீர் வடிந்த பின்பே அறிந்தனர். இவை விதிகளின் கடுமை. இதைவிட வருந்தத்தக்கது, சாண்டி வழக்குகளில் வெளிவந்த மற்றொரு செய்தி. சேதத்தை நேரில் பார்த்த பொறியாளரின் முடிவு பின்னர் மாற்றப்பட்டு, வெள்ளம் அன்று, நாளடைவில் மண் அமிழ்ந்ததே காரணம் என்று திருத்திய அறிக்கை அளிக்கப்பட்டதை 2014இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் கண்டறிந்தது. அதன் பின்னர் ஃபீமா 2015இல் சாண்டிப் பாலிசிதாரர்களின் கோரிக்கைகளை மறுபரிசீலனைக்குத் திறந்துவிட்டது. புயலடித்து இரண்டரை ஆண்டு கழிந்து கிடைத்த நியாயம் அது.

இரண்டாவது வழி, காப்பீடு இல்லாதவர்க்கும் போதாதவர்க்கும் ஃபீமா தரும் நேரடி மானியம். சாண்டிக் காலத்தில் ஒரு குடும்பத்திற்கு அதன் உச்சவரம்பு 31,900 டாலர். கிடைத்தது பெரும்பாலோருக்கு அதனினும் குறைவு. வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அம்மானியத்தின் நோக்கமன்று, வாழத்தக்கதாக்குவது மட்டுமே. கோட்டுக்குள் இருப்பவர் அதைப் பெற்றுக்கொண்டால் இனி எக்காலத்தும் வெள்ளப் பாலிசி வைத்திருக்க வேண்டும். வைக்கத் தவறினால் அடுத்த புயலில் அவ்வகை உதவி இல்லை. அந்த நிபந்தனை எழுதிய தாளைப் புயலின் மறுவாரத்தில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? தவிரவும், தந்தை பெயரிலும் பாட்டன் பெயரிலும் பத்திரம் கிடக்க, வாரிசுகள் பலர் பாகம் பிரிக்காமல் அனுபவித்துவரும் வீடுகள் தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களிடையே மிகுதி. சொத்துரிமையை நிரூபிக்க இயலாமையால் கத்ரீனா முதலாக அவர்களில் பலருக்கு மானியம் மறுக்கப்பட்டது. 2021இல்தான் ஃபீமா, வேறு சான்றுகளையும், அவையும் இல்லாதபோது உறுதிமொழியையும், ஏற்கத் தொடங்கிற்று.

மூன்றாவது, சிறுதொழில் நிர்வாகம் என்னும் மத்திய அரசுத் துறை தரும் கடன். பெயர் தொழிலைக் குறித்தாலும், வீட்டுக்காரர்க்கும் கடன் கொடுப்பது இதன் கடமை. சாண்டிக் காலத்தில் வீட்டுக்கு 2,00,000 டாலர் வரை கொடுத்தது, 2023இல் அவ்வரம்பு 5,00,000 ஆயிற்று. குறைந்த வட்டி, நீண்ட தவணை, நல்ல ஏற்பாடே. ஆனால் ஒரே நஷ்டத்துக்கு இருவகை உதவி கூடாது என்னும் சட்டத்தின்படி, கடனையும் உதவியாகவே கணக்கிட்டனர். முதல் மாதத்திலேயே ஓடிச்சென்று கடனுக்கு மனுச் செய்த சுறுசுறுப்பானவருக்குப் பின்னர் வந்த மானியத்தில் அத்தொகை கழிக்கப்பட்டது. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவருக்கு மானியம் முழுமையாகக் கிடைத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனை இனாமோடு சமமாக வைப்பது எந்த நியாய சாஸ்திரத்திலும் அடங்காது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இதற்கு ஓரளவு பரிகாரம் செய்தனர்.

நான்காவது வழியே பெரியது, ஆனால் தாமதமானது. காங்கிரஸ் சபை தனிச் சட்டத்தால் ஒதுக்கும் நிதி அது. சாண்டி வீசி மூன்று மாதம் சென்று, 2013 ஜனவரி 29ஆம் நாள், சுமார் 5,000 கோடி டாலர் ஒதுக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதிலிருந்து நியூ ஜெர்சி, வீட்டைச் செப்பனிட்டு உயர்த்துவதற்குக் குடும்பத்துக்கு 1,50,000 டாலர் வரை கொடுத்தது. வீட்டை உயர்த்தும் செலவை ஏறக்குறைய உண்மையாக மதித்த தொகை இதுவே. எனினும் மனுப் பரிசீலனை, சுற்றுச்சூழல் ஆய்வு, ஒப்பந்தக்காரர் பற்றாக்குறை என்று ஆண்டுகள் உருண்டன. முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்த ஒப்பந்தக்காரரால் ஏமாந்தவரும் உண்டு. வேலை முடிந்த பிறகு, கணக்கில் அதிகம் தந்துவிட்டோம், திருப்பிக் கொடுங்கள் என்று கடிதம் பெற்றவரும் உண்டு. கத்ரீனாவுக்குப் பின் லூயிஸியானா நடத்திய திட்டத்திலும் உச்சவரம்பு 1,50,000 டாலரே. ஆனால் மானியத்தைப் புயலுக்கு முந்திய வீட்டு மதிப்பு, செப்பனிடும் செலவு இவ்விரண்டில் எது குறைவோ அதைக்கொண்டு கணக்கிட்டனர். ஒரே அளவுள்ள, ஒரே விதமாகச் சிதைந்த இரு வீடுகளில், வெள்ளையர் பகுதியில் இருந்ததற்குச் செலவு முழுவதும் கிடைக்க, கறுப்பினத்தார் வாழும் பகுதியில் இருந்ததற்கு அப்பகுதியின் குறைந்த சந்தை மதிப்பளவே கிடைத்தது. சிமெண்டும் பலகையும் இரு தெருக்களுக்கும் ஒரே விலைதானே! 2008இல் வழக்குத் தொடரப்பட்டு, 2011இல் 6 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில் சமரசம் ஏற்பட்டது. ஐம்பது சதவிகித விதியில் எளியவரை முன்னே தள்ளிய அதே கிரயம், உதவித்தொகையில் அவரைப் பின்னே தள்ளியதைக் காணுங்கள்.

பிரீமியத்தின் கதையை விரைவாகக் கடந்துவிடலாம். கத்ரீனாவினால் பெருங்கடனில் மூழ்கிய திட்டத்தைக் கரையேற்ற, 2012 ஜூலையில் நிறைவேறிய சட்டம் பழைய வீடுகளுக்கு இருந்த சலுகையைக் குறைக்க முற்பட்டது. நான்கு மாதத்துக்குள் சாண்டி வந்தது. இடிந்த வீட்டின்மேல் கூடிய பிரீமியமுமா என்று கூக்குரல் எழ, 2014 மார்ச்சில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றனர். 2017இல் காங்கிரஸ் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. 2021 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த புதிய முறையில், பிரீமியம் கோட்டைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. நீர்நிலையிலிருந்து தூரம், தளத்தின் உயரம், வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு ஆகியவற்றைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: விலையுயர்ந்த வீட்டின் பாரத்தைச் சிறுவீடு சுமந்துவந்த அநீதியை இம்முறை ஓரளவு நீக்கியிருக்கிறது. ஆயினும் கட்டட விதிக்கும் கட்டாயக் காப்பீட்டுக்கும் பழைய கோடே இன்னும் பிரமாணம்.

உயர்த்துவதும் செப்பனிடுவதும் வீண் என்று கருதத்தக்க இடங்கள் சில உண்டு. ஸ்டேட்டன் தீவின் ஓக்வுட் பீச் மக்கள் தாங்களாகவே கூடி, எங்கள் வீடுகளை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசாங்கத்தை வேண்டினர். நியூயார்க் மாநிலம் புயலுக்கு முந்திய மதிப்பைக் கொடுத்ததோடு, அண்டையார் எல்லாரும் சேர்ந்து விற்றால் ஒரு கூடுதலும், அதே மாவட்டத்துக்குள் குடியேறினால் மற்றொரு கூடுதலும் தந்தது. நிலம் இனி வெற்றுவெளியாகவே இருக்கும். நியூ ஜெர்சியில் சேயர்வில், சவுத் ரிவர் முதலிய ஆற்றோர ஊர்களில் இத்தகைய கொள்முதல் நடந்தது. கடலோர மணல்தீவுகளிலோ வெகு சிலரே முன்வந்தனர், ஏனெனில் அங்கே நிலத்தின் விலையும், ஊர் நம்பியிருக்கும் வரியும் பெரிது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து செல்ல முடிந்த இடத்தில் இவ்வழி வென்றது. தனித்தனியே பேரம் பேசிய இடத்தில் உதிர்ந்த பல்வரிசையைப்போல் இடைவெளி விழுந்த தெருக்களே மிஞ்சின.

உதவி வருமானத்தைப் பார்த்து வழங்கப்பட வேண்டும் என்னும் கருத்து அமெரிக்காவில் புதிதன்று. கோட்டுக்குள் வாழ்பவர்களில் பாலிசி இல்லாதவரின் வருமானம் பாலிசி உள்ளவரின் வருமானத்தைவிடக் குறைவு என்பதை ஃபீமாவே 2018இல் ஆராய்ந்து காங்கிரஸுக்குத் தெரிவித்தது. 2022இல் வருமானத்திற்கேற்ற உதவியைச் சட்டமாக்கும்படி யோசனையும் அனுப்பிற்று. திட்டமோ குறுகியகால நீட்டிப்புகளிலேயே காலம் தள்ளிவருகிறது. முழுச் சீர்திருத்தம் வரும் வரையில் ஒரு சிறு காரியத்தையாவது செய்யலாம் என்பது என் கருத்து. விதியை நிறைவேற்றுவதற்கென்று பாலிசியில் அடங்கிய தொகை 1997இல் 15,000 டாலராகத் தொடங்கி, 2003இல் 30,000 ஆயிற்று. அதற்குப் பின் உயரவில்லை. அத்தொகையும் கட்டடத்துக்குரிய 2,50,000 என்னும் மொத்த வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டும். இவ்வகைக்கென்று ஒரு பாலிசிக்கு ஆண்டுக்கு 75 டாலருக்கு மேல் வசூலிக்கலாகாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் கட்டியிருக்கும் தளையைத் தளர்த்தி, உயர்த்தும் பணியின் உண்மைச் செலவுக்கு அத்தொகையை ஏற்றி, மொத்த வரம்பினின்றும் அதைப் பிரித்துவிட்டு, ஊர் அதிகாரி ‘உமது வீட்டை உயர்த்துக’ என்று எழுதும் கடிதத்தோடேயே அதன் முதற்பாதியும் வீட்டுக்காரர் கையில் சேரும்படி செய்ய வேண்டும். குறைந்த வருமானத்தாருக்கு அந்தப் பிரீமியப் பகுதியை அரசாங்கமே ஏற்க வேண்டும்.